பழைய டீசல் லோரி: நம் கையால் ஆவதும் ஆகாததும்

தோட்டப்புறத்துக் குடும்பங்களுக்கு லோரி புதிய பொருளன்று. பெரட்டு முடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வேலைக்காட்டுக்குச் சென்றது லோரி. மரத்துப் பாலை ஆலையில் சேர்த்ததும், செம்பனைக் குலைகளைச் சுமந்ததும், நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் லோரிதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபின், கையிலிருந்த சிறு பணத்தைப் போட்டுப் பழைய லோரி ஒன்றை வாங்கி, அதையே பிழைப்பாகக் கொண்ட குடும்பங்களும் உண்டு. அத்தகைய குடும்பத்தில் லோரி ஒரு நாள் நின்றால் அடுப்பும் அன்று சற்றுத் தயங்கும்.

ஆகவே, பழைய டீசல் லோரியை நாமே பராமரிப்பது எப்படி என்பதை இன்று எடுத்துக்கொள்வோம். இதில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று, நம் கையால் ஆகும் வேலை. அதைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றொன்று, நம் கையால் ஆகாத வேலை. அதைத் தொடக் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை அறிந்துகொண்டால் லோரியின் ஆயுள் நீளும். அதைவிட முக்கியமாக, அதில் ஏறிச் செல்லும் மனிதர்களின் உயிருக்கும் காப்பு உண்டாகும்.

சிங்கப்பூரின் வடமேற்கே உள்ள சுவா சூ காங் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் நிறைந்திருக்கின்றன. பெருவிரைவு ரயில் நிலையம் 1990 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெயரே தோட்டக் காலத்துப் பெயர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் ஆற்றங்கரைகளில் மிளகும் கம்பீரும் பயிரிட்டார்கள். அந்த ஆற்றோரக் குடியிருப்புகளைக் 'காங்' என்றார்கள். 'சுவா' என்பது ஒரு குடும்பப் பெயர். அக்காலத்தில் விளைபொருள் படகில் போயிற்று. பின்னர் ரப்பர் மரங்களும், காய்கறித் தோட்டங்களும், கோழிப் பண்ணைகளும் வந்தன. சாலை வந்தது; சாலையோடு லோரியும் வந்தது.

அந்த வட்டாரத்துக்குச் சற்றுத் தெற்கே, அப்பர் புக்கிட் தீமா சாலையில், ஃபோர்டு நிறுவனம் 1941இல் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. தென்கிழக்கு ஆசியாவில் மோட்டார் வண்டிகளின் பாகங்களைப் பூட்டி முழு வண்டியாக்கிய முதல் தொழிற்சாலை அது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அந்தக் கட்டடத்தில்தான். ஜப்பானிய ஆட்சியில் அங்கே இராணுவ லோரிகள் பூட்டப்பட்டன. 1980இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இன்று அது வரலாற்றுக் காட்சிக்கூடம். பின்னாளில் பண்ணைகளிலும் தோட்டங்களிலும் ஜப்பானிய டீசல் லோரிகளே பெரும்பாலும் ஓடின. ஈசுசு, ஹீனோ, மிட்சுபிஷி என்ற பெயர்கள் நம் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களுக்கு அசோக் லேலண்டு தெரிந்திருக்கும். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று சென்னையில் தொடங்கி, 1955இல் அந்தப் பெயரைப் பெற்ற நிறுவனம் அது. பெயர் எதுவாயினும் உள்ளே வேலை செய்யும் முறை ஒன்றே.

அந்த முறை என்ன? பெட்ரோல் எஞ்சினில் தீ மூட்ட ஒரு பிளக் உண்டு. அது பொறி விடும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் அது சூடேறும். ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் இந்த உண்மையை வைத்தே தம் எஞ்சினை வகுத்தார். 1897இல் அவருடைய எஞ்சின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்து வெற்றி கண்டது. எஞ்சின் உறிஞ்சிய காற்று, முன்பிருந்த இடத்தில் ஏறத்தாழ பதினேழு முதல் இருபதில் ஒரு பங்குக்குள் நெருக்கப்படுகிறது. அப்போது வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கும் மேலே போகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோல் பீச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த வெடிப்புதான் பிஸ்டனைத் தள்ளுகிறது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. டீசல் எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: சுத்தமான காற்று, சுத்தமான டீசல், சுத்தமான எஞ்சின் எண்ணெய். பழைய லோரியின் தொல்லைகளில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்று கெட்டதனால் வருபவை. இம்மூன்றையும் காப்பது நம் கையால் ஆகும் வேலை.

முதலில் காற்று. நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழன்றால், அந்த ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 4,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. செம்மண் பாதையில் அந்தக் காற்றோடு எவ்வளவு புழுதி போகும்! அதைத் தடுப்பது காற்று வடிகட்டி. காகித வடிகட்டியாக இருந்தால் வாரம் ஒரு முறை கழற்றி, மெதுவாகத் தட்டிப் புழுதியை உதிர்க்கலாம். காற்றுக் குழாயால் ஊதுவதானால் குறைந்த அழுத்தத்தில், உட்புறமிருந்து வெளிப்புறமாக ஊத வேண்டும். நீரில் கழுவக் கூடாது. விளக்கை உள்ளே வைத்துப் பார்க்கையில் ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது ஆகாது, புதிதாக மாற்றுங்கள். சில பழைய லோரிகளில் எண்ணெய்க் கிண்ணத்தோடு கூடிய வடிகட்டி இருக்கும். அழுக்கு எண்ணெயைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, குறியிட்ட மட்டம் வரை மட்டுமே புது எண்ணெய் ஊற்ற வேண்டும். மிகுதியாக ஊற்றினால் அந்த எண்ணெயையே எஞ்சின் உறிஞ்சி எரித்து, அடக்க முடியாத வேகத்தில் ஓடத் தொடங்கும்.

அடுத்து டீசல். நம் நாடுகளின் காற்று ஈரம் மிகுந்தது. பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிர்ச்சியில் நீர்த்துளி படியும். நீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். அது பம்புக்குள் போனால் துருவேறும். ஆகவே மாலையில் வேலை முடிந்தவுடன் தொட்டியை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். காலையில் எஞ்சினைக் கிளப்புமுன், நீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித்திருகைச் சற்றே தளர்த்தி, அடியில் நின்றதை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடியுங்கள். நீர் அடியிலும் டீசல் மேலேயும் தனித்தனியே தெரியும். தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை விட்டுத் திருகை இறுக்குங்கள். டீசல் வடிகட்டியைக் கையேடு சொல்லும் கணக்குப்படி மாற்றுங்கள். ஒரு வடிகட்டியின் விலையையும் ஒரு டீசல் பம்பைச் செப்பனிடும் கூலியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எது சிக்கனம் என்பது விளங்கும்.

வடிகட்டி மாற்றியபின்னும், தொட்டி வறண்டுபோன பின்னும் லோரி கிளம்ப மறுப்பதுண்டு. பலர் ஸ்டார்ட்டரைச் சுழற்றிச் சுழற்றி பேட்டரியைத் தீர்த்துவிடுவார்கள். குற்றம் பேட்டரியில் இல்லை. டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காற்று நெருங்கி விரியும்; ஆகவே பம்பு எவ்வளவு தள்ளினாலும் டீசல் போய்ச் சேராது. காற்றை எடுக்கும் முறை இது. தொட்டியில் டீசல் இருக்கட்டும். வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்துங்கள். கைப் பம்பை மெதுவாக அடியுங்கள். முதலில் நுரை வரும். பிறகு குமிழியின்றி டீசல் வரும். வந்தவுடன், பம்பை அழுத்திப் பிடித்தபடியே திருகை இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பின் மேலுள்ள காற்றுத் திருகிலும் அவ்வாறே செய்யுங்கள். சிந்திய டீசலைத் துடைத்துவிட்டு எஞ்சினைக் கிளப்புங்கள். பத்து நிமிட வேலை. ஒரு ஸ்பேனரும் ஒரு துணியும் போதும்.

மூன்றாவது எஞ்சின் எண்ணெய். காலையில், சமதரையில், எஞ்சினைக் கிளப்புமுன் அளவுக்கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். மட்டம் இரு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவில் கறுப்பது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் கலக்கிறது என்று பொருள். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் டீசல் கலக்கிறது. இரண்டிலும் லோரியை ஓட்டாமல் பட்டறைக்குத் தெரிவிக்க வேண்டும். எண்ணெய் வாங்கும்போது டீசல் எஞ்சினுக்கென்று குறித்ததையே கேட்டு வாங்குங்கள். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அதன் வடிகட்டியையும் மாற்றுங்கள்.

இவற்றோடு ரேடியேட்டர் நீரையும் பாருங்கள்; ஆனால் சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் கொதித்தெழுந்து முகத்தில் அடிக்கும். ஃபேன் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குல அளவு உள்வாங்க வேண்டும். கிரீஸ் முனைகளைத் துடைத்தபின் கிரீஸ் அடியுங்கள். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். இரட்டைச் சக்கரங்களின் இடுக்கில் கல் சிக்கியிருக்கிறதா, சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பார்கள். நட்டு தளர்ந்த லோரி ஓடும். ஆனால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

லோரிக்கு நோய் வந்தால் அது தானே சொல்லும். அதன் மொழி புகை. கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுந்துவிட்டது. முதலில் காற்று வடிகட்டியையும் சுமையின் அளவையும் பாருங்கள், பிறகு இன்ஜெக்டரைப் பட்டறையில் சோதிக்கச் சொல்லுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது, உள்ளே தேய்மானம். காலையில் சற்று நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் நீர் உள்ளே புகுகிறது. இந்த மூன்று நிறங்களையும் வீட்டிலுள்ள அனைவரும் அறிந்துகொள்ளலாம். ஓட்டுபவருக்குப் பின்னால் வரும் புகை தெரியாது. வாசலில் நின்று வழியனுப்புபவருக்கே தெரியும்.

இனிக் கோட்டுக்கு அப்பால் உள்ளவற்றைப் பார்ப்போம். டீசல் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாய்களில், பழைய எஞ்சினிலும்கூட, லோரி டயரின் காற்றைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. அதில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. மயிரிழை போன்ற பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் உள்ளே தசை அழுகி, விரலையோ கையையோ எடுக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவைச் சோதிக்க ஓர் அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடித்தால் போதும். பம்பையும் இன்ஜெக்டரையும் பிரிப்பது பட்டறைக்காரரின் வேலை; அவற்றின் உள் இடைவெளி தலைமயிரின் பருமனைவிடப் பன்மடங்கு நுண்ணியது. 1995இல் ஜப்பானில் ஹீனோ லோரியில் முதன்முதலாக வந்த காமன் ரெயில் முறையில் அழுத்தம் இன்னும் பல மடங்கு. அதைக் கணினி இயக்குகிறது. அத்தகைய லோரியில் வடிகட்டியோடு நம் வேலை நின்றுவிட வேண்டும்.

அடுத்தது பிரேக். இதைத்தான் இன்று மிக முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். எஞ்சின் கெட்டால் லோரி நிற்கும்; பிரேக் கெட்டால் லோரி நிற்காது. பின் தட்டில் வேலையாட்கள் அமர்ந்து செல்லும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. சிங்கப்பூரில் வேலைத்தளங்களுக்குச் செல்லும் தொழிலாளர் இன்றும் அப்படிச் செல்கிறார்கள். அவர்களுக்கு இருக்கைப் பட்டை இல்லை. ஓட்டுபவரின் காலடியில் உள்ள மிதிதான் அவர்களுக்குக் காவல்.

டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, கியரை விடுவித்து, வண்டியை உருளவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். சிறிய லோரிகளில் பிரேக் மிதிக்கு வலுச் சேர்ப்பது ஒரு வெற்றிடப் பம்பு. அதைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால், சேமிப்பில் இருக்கும் வலு ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். அதன்பின் மிதி கல்லாக இறுகும். பெரிய லோரிகளில் காற்றுப் பிரேக். அதற்குக் காற்றை நிரப்புவதும் எஞ்சின்தான். கியரும் இல்லை, பிரேக்கும் இல்லை என்றால் முழுச் சுமையோடு இறங்கும் லோரியை எதைக் கொண்டு நிறுத்துவது? எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது என்பது பழைய ஓட்டுநர்கள் வைத்திருந்த விதி. அது இன்றும் சரியான விதி.

பிரேக்கில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. காலையில் கிளம்புமுன் மிதியை அழுத்திப் பிடியுங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. பிரேக் எண்ணெயின் மட்டத்தைப் பாருங்கள். சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆகவே ஈராண்டுக்கு ஒரு முறையாவது அதை மாற்றச் சொல்லுங்கள். காற்றுப் பிரேக் உள்ள லோரியில், நாள்தோறும் வேலை முடிந்தபின் காற்றுத் தொட்டியின் அடியில் தேங்கிய நீரைத் திறந்துவிடுங்கள். அவ்வளவே. பிரேக்கைப் பிரித்து மாட்டுவது பயின்றவர் கையால் நடக்க வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும்; அந்தத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. நுரையீரலில் புகுந்தால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும்.

லோரிக்கு அடியில் வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. உறுதியான தாங்கிகளை வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபிறகே உடலை உள்ளே நுழைக்க வேண்டும். வீட்டு வாசலிலோ மூடிய கொட்டகையிலோ எஞ்சினை நெடுநேரம் ஓடவிட வேண்டாம். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக அறிவித்தது. குழந்தைகள் உறங்கும் சன்னலுக்கு எதிரே புகைக்குழாய் இருக்க வேண்டாம்.

மாற்றிய பழைய எண்ணெயை என்ன செய்வது? மரத்தடியில் ஊற்றுவதும், கால்வாயில் விடுவதும், கறையான் வராதிருக்கப் பூசுவதும் வழக்கமாக இருந்தது. சுவா சூ காங்குக்கு அருகே கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரம் 1970களில் அணையிட்டு நீர்த்தேக்கமாக்கப்பட்டது. அந்தப் பக்கத்துப் பண்ணையில் கால்வாயில் கொட்டிய எண்ணெய் போய்ச் சேரும் இடம் குடிநீர். தோட்டத்துக் கிணற்றுக்கும் இதே கதைதான். ஒரு தகரத்தில் சேர்த்து மூடிவைத்து, பழைய எண்ணெய் வாங்குபவரிடமோ பட்டறையிலோ கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் நினைவில் வைப்பது எப்படி என்று கேட்பீர்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். எண்ணெய் மாற்றிய நாள், வடிகட்டி மாற்றிய நாள், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், மிதியில் கண்ட குறை, கொடுத்த கூலி ஆகியவற்றை எழுதி வாருங்கள். அப்பா சொல்ல, படிக்கும் பிள்ளை எழுதலாம். சிங்கப்பூரில் பத்து ஆண்டு கடந்த சரக்கு வாகனம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போக வேண்டும். மலேசியாவிலும் வணிக வாகனங்களுக்கு ஆறு மாதக் கணக்கு உண்டு. நோட்டுப் புத்தகம் உள்ள வீட்டில் சோதனை நாள் திடுக்கிடும் நாளாக இராது. பட்டறையில் பேசும்போதும் அது உதவும். எந்த வேலை எப்போது நடந்தது என்று எழுதி வைத்தவரிடம் செய்யாத வேலைக்குக் கூலி கேட்பது எளிதன்று.

அந்த நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. லோரி பிறருடையதாக இருந்து, நாம் ஓட்டுபவராக மட்டும் இருக்கலாம். "பிரேக் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் தம்பி, இன்றைக்கு மட்டும் சமாளி" என்று முதலாளி சொல்லக்கூடும். அப்போது வாய்ப்பேச்சைவிட, குறையைக் கண்ட தேதியோடு எழுதிய ஏட்டுக்கு மதிப்பு மிகுதி. மிதி இறங்குகிறது என்று தெரிந்த லோரியில் ஆட்களை ஏற்ற மறுப்பது முரட்டுத்தனம் ஆகாது. அது ஓட்டுநரின் கடமை. அவர் அப்படி மறுத்து ஒரு நாள் கூலியை இழந்து வந்தால், வீட்டில் உள்ளவர்கள் அவரைக் கடிந்துகொள்ளாமல் இருப்பது நம் கடமை.

ஆயுத பூசையன்று லோரியைக் கழுவி, பொட்டிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். பிழைப்புக்கு உதவும் கருவியை மதிக்கும் நல்ல வழக்கம் அது. ஆண்டின் மற்ற நாள்களில், காலையில் பத்து நிமிடம் எண்ணெய்க் கம்பியையும், டீசல் கிண்ணத்தையும், பிரேக் மிதியையும் பார்ப்பதும் அதே மதிப்பைச் சேர்ந்ததுதான். நாளைக் காலையில் கிளம்புமுன் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கிப் பாருங்கள்.